உச்சிப்பிள்ளையாருக்கு ஏறும் வழியில் 1,400 வருஷத்து சேதி! மலைக்கோட்டையில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் பல்லவர் குகை

திருச்சி மலைக்கோட்டைக்கு வந்துவிட்டு உச்சியில் நின்று ஊரை ஒரு சுற்று பார்க்காமல் இறங்குபவர்கள் குறைவு. சுமார் 270 அடி உயரம். 400 படி ஏறி மூச்சு வாங்கினாலும், மேலே காற்று முகத்தில் அடித்ததும் கால்வலி மறந்துபோகும்.

வடக்கே காவிரி. அக்கரையில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். 236 அடி உயரமுள்ள இந்த கோபுரம் 1987-ல்தான் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கும் அப்பால் கொள்ளிடம். கீழே குனிந்தால் தெப்பக்குளமும் லூர்து மாதா கோவிலும் தெரியும்.

காவிரியை பார்க்கத்தான் கோவிலே!

இந்தக் காட்சிக்காகத்தான் இங்கே கோவிலே குடையப்பட்டது என்றால் நம்புவீர்களா? உச்சிக்குப் போகும் படிகளை ஒட்டி ஒரு குகைக்கோவில் இருக்கிறது. 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. கங்கையை சடையில் தாங்கும் சிவன் சிற்பம் உள்ளே இருக்கிறது.

பக்கத்து தூணில் வடமொழிக் கல்வெட்டு. தரையில் இருந்தால் சோழநாட்டையும் காவிரியையும் நான் எப்படி பார்ப்பது என்று சிவனே கேட்டாராம். அதனால்தான் மன்னன் மலைமேல் கோவில் அமைத்தானாம். அதில் உள்ள சேதி இதுதான்.

சண்டைக்கும் இதுதான் காரணம்

சுத்துப்பட்டு முழுக்க தெரியும் மலையை யார் விடுவார்கள்? 1751-ல் ஆற்காடு நவாப் பதவிக்கு நடந்த போட்டியில் முகமது அலி இந்தக் கோட்டைக்குள் இருந்தார். சந்தா சாகிப்பும் பிரெஞ்சு படையும் முற்றுகையிட்டனர். அவர்களை திசை திருப்பத்தான் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டை பிடித்தார். 1752-ல் ஸ்ரீரங்கத்துக்கு பின்வாங்கிய பிரெஞ்சு படை அங்கேயே சரண் அடைந்தது.

ஊரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவர் 19-ம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. இன்று மிச்சம் நிற்பது மெயின்கார்டு கேட். பஸ்சில் தினமும் தாண்டிப்போகும் வாசல்தான் அது.

பேரைக் கிறுக்காதீங்க

குகை மத்திய தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ளது. சிற்பத்தையோ சுவரையோ சேதப்படுத்தினால் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

செருப்பை கீழேயே விட்டுவிட்டுத்தான் ஏறணும். உச்சிப்பாறை மத்தியானம் கொதிக்கும். பிள்ளைகளோடு, வயசானவர்களோடு போவதாக இருந்தால் காலையோ சாயங்காலமோ ஏறுங்க. பிள்ளையாரை கும்பிட்டு இறங்கும்போது அந்தக் குகை முன்னால் ரெண்டு நிமிஷம் நில்லுங்க. நீங்கள் மேலே பார்த்துவிட்டு வந்த அதே காவிரியைத்தான் அந்தக் கல்லும் சொல்கிறது.