ஒற்றை ஒளித்துகளைக் காணும் கண்

இராஜபாளையத்துச் சஞ்சீவி மலையிலிருந்து, ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை நோக்கி இரவில் ஒரு விளக்கைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவ்விளக்கிலிருந்து கோடானுகோடி ஒளித்துகள்கள் புறப்படும். வழியில் சில களவு போனாலும் எவரும் அறியார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு துகளை அனுப்பினாலோ? இடையில் ஒருவன் அதை எடுத்துப் பார்த்தால் அதன் நிலை குலையும். அக்குலைவு பிழையாக வெளிப்படும். இவ்வுண்மையைக் கொண்டே, இரகசியச் சாவியைப் பகிரும் குவாண்டம் முறையைப் பென்னட், பிராசார்டு என்னும் அறிஞர்கள் 1984-இல் வகுத்தனர்.

ஒற்றைத் துகளைக் காண நம் கண் போதாது. அதற்கென அமைந்தது ஒரு சிறு சிலிக்கன் சில்லு. அது தாங்கும் எல்லைக்குச் சற்று மேலான மின்னழுத்தத்தில் அதனை நிறுத்துவர். துகள் பட்டதும் ஓர் எலெக்ட்ரான் விடுபடும். அது மோதிப் பலவற்றை விடுவிக்கும். மலைச்சரிவில் உருளும் ஒரு கல் பல கற்களைப் பெயர்ப்பது போன்றதே இது. இவ்வாறு எண்ணத்தக்க மின்துடிப்பு பிறக்கிறது.

இங்கே மூன்று இடையூறுகள் உண்டு. சில்லின் வெப்பமே பொய்த்துடிப்பை எழுப்பும். ஆகவே அதைக் குளிர்விக்கின்றனர். வானத்து வெளிச்சமும் உள்ளே புகும். வேண்டிய நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியாலும், துகள் வரவேண்டிய நொடித்துளியில் மட்டும் எண்ணுவதாலும் அதனைத் தடுக்கின்றனர். மூன்றாவது, காற்றின் கொந்தளிப்பு. விண்மீனை மினுக்கச் செய்யும் அதுவே ஒளிப்புள்ளியையும் அலைக்கழிக்கும். புள்ளி தப்பாதிருக்கச் சில்லைப் பெரிதாக்கினால் பொய்த்துடிப்பும் பெருகும். இதுவே பெரிய சிக்கல்.

பொய்த்துடிப்பால் என்ன கேடு? பிழை ஏறத்தாழ 11 விழுக்காட்டைத் தாண்டினால், அது காற்றின் குறையா, கள்வனின் கையா என்று பிரித்தறிய இயலாது. சாவியையே கைவிட நேரும்.

நம் நாட்டில், 2021 மார்ச்சில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் அகமதாபாத்தில் 300 மீட்டர் தொலைவுக்கு இம்முறையைச் செய்து காட்டினர். கதிரவன் ஒளி குறுக்கிடாதிருக்க இரவையே தேர்ந்தனர். 2025 ஜூனில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு டெல்லி ஐ.ஐ.டி. அறிஞர்கள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் சென்றனர். பிழை 7 விழுக்காட்டுக்குள் அடங்கியது.

மீக்கடத்தும் நுண்கம்பியாலான உணர்கருவிகள், வரும் துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடிக்க வல்லவை. ஆயினும் அவற்றுக்குச் சுழியத்துக்குக் கீழ் 270 பாகை அளவிலான குளிர் வேண்டும். எளிய குளிரில், நண்பகல் வெளிச்சத்தில், அலையும் காற்றினூடே பிழையின்றி எண்ணும் கண்ணைச் சமைப்பதே பௌதிகம் பயிலும் மாணவர்களுக்குக் காத்திருக்கும் பணி.