வாங்கும் கை நின்றால் சுடும் கை நிற்கும்

மேட்டூர் மலையோரத்தில் இன்றும் ஒலிக்கும் கள்ளத்துப்பாக்கிச் சத்தம்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில் கோவிந்தபாடியைத் தாண்டினால் பாலாறு. இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை கர்நாடகம். பாலாறு காவிரியில் கலக்கும் அந்த வட்டாரத்தில் 2023 பிப்ரவரியில் ஓர் இரவு கர்நாடக வனத்துறையினர் துப்பாக்கியால் சுட்டார்கள். மான் வேட்டைக்கு வந்த கும்பலைச் சுட்டதாக வனத்துறை சொன்னது. மீன் பிடிக்கப் போனவர்கள் என்றார்கள் உறவினர்கள். சில நாள்களில் கோவிந்தபாடிக்காரர் ஒருவரின் உடல் ஆற்றில் கிடைத்தது. அந்தப் பதற்றத்தில் எல்லையில் பேருந்துப் போக்குவரத்து நின்றது. தமிழக முதல்வர் அந்தக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்.

மானுக்காக மனித உயிரை எடுக்கலாமா என்று அன்று எழுந்த கேள்வி நியாயமானது. அதே அளவு நியாயமான இன்னொரு கேள்வியும் உண்டு. இந்த மலையோரங்களில் துப்பாக்கி எதற்காகக் காட்டுக்குள் போகிறது?

அங்கே வேறு, இங்கே வேறு

ஜெர்மனியில் மான் வேட்டைக்குப் போக விரும்புபவர் முதலில் தேர்வு எழுதித் தேற வேண்டும். அமெரிக்காவில் உரிமமும் வேட்டைப் பருவமும் உண்டு. தொலைவிலிருந்து சுட நினைப்பவர் மாதக்கணக்கில் பயிற்சிக் களத்தில் ரைஃபிளைச் சரிபார்ப்பார். காற்று குண்டை எவ்வளவு தள்ளும், தூரம் கூடக் கூட அது எவ்வளவு தாழும் என்று கணக்குப் போடுவார். ஒரே குண்டில் உயிர் போகும் என்ற உறுதி இல்லையென்றால் சுடாமல் திரும்புவதுதான் அங்கே நல்ல வேட்டைக்காரருக்கு அழகு. ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் ஓநாய்கள் அழிந்துபோனதால், மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் வேலை மனிதர்களிடம் வந்துவிட்டது.

நம் காட்டில் அந்த வேலைக்குச் சிறுத்தையும் செந்நாயும் புலியும் இருக்கின்றன. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான் அளவுள்ள இரை வேண்டும். புள்ளிமானும் கடமானும் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். சினைமான் ஒன்று சுடப்பட்டால் இரண்டு உயிர் போகிறது. காட்டில் இரை குறையும்போது சிறுத்தை ஆட்டுப்பட்டியைத் தேடி வரும். நகரத்தில் யாரோ ருசித்த கறிக்கு மலையடிவாரத்து ஏழை தன் ஆட்டைக் கொடுக்கிறார்.

மலையோரத்தில் புழங்குவது ரைஃபிள் அல்ல, நாட்டுத் துப்பாக்கி. முன்பக்கமாகக் கருமருந்தும் பால்ரஸ் குண்டும் கெட்டிப்பது. குழலுக்குள் புரி கிடையாது; குண்டு சுழலாமல் சிதறும், கொஞ்ச தூரத்துக்கு மேல் குறி நிற்காது. இரவில் தலையில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் திகைத்து நிற்கும் மானை நெருங்கிச் சுடுகிறார்கள். சரியாகப் படாத மான் புதருக்குள் ஓடி, புண் சீழ்பிடித்து நாள்கணக்கில் சாகிறது.

முயற்சியும் குற்றமே

வேட்டைக்கு வரம்பு கட்டும் சட்டம் நம் மண்ணில் 1879-லேயே நீலகிரியில் வந்துவிட்டது. அதன் பிறகும் நெடுங்காலம் உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் அதில் செய்த திருத்தமும் அந்த வழியை அடைத்தன. வேட்டையாட முயல்வதும் வேட்டைதான் என்கிறது இந்தச் சட்டம். மான் விழாவிட்டாலும் வழக்கு உண்டு. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உரிமமில்லாத துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு. மான்கறியை வாங்கி வைத்திருப்பவரும் குற்றவாளியே.

ஆனால் பெரும்பாலும் பிடிபடுபவர் காட்டுக்குள் போனவர்தான். தோட்டத்து விருந்துக்குக் கறி சொல்லிவைத்தவர் பத்திரமாக வீட்டில் இருக்கிறார். விசாரணை கறி போய்ச் சேரும் வீடு வரை போக வேண்டும். அங்கே நான்கு பேர் கைதானால் மலையில் நாற்பது துப்பாக்கிகள் அடங்கும்.

தடம் தெரிந்தவருக்கு வேலை

வேட்டைக்காரர் காவலராக மாறியதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் இளமையில் துப்பாக்கி ஏந்தியவர். பின்னாளில் வரையாடுகளைக் கணக்கெடுக்க மலைமலையாக நடந்தார். வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பழங்குடி இளைஞர்கள் ஏராளம். குளம்படியைப் பார்த்தே மான் எப்போது கடந்தது என்று சொல்லும் அறிவு மேட்டூரை அடுத்த பாலமலையிலும் கொளத்தூர்ப் பக்கமும் இன்னும் இருக்கிறது. அந்த அறிவுக்கு நிரந்தர வேலையும் மாதம் தவறாத சம்பளமும் கொடுப்பது அரசின் கடமை. துப்பாக்கியைத் தாமாக ஒப்படைப்பவர் மீது வழக்கு இல்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதோடு, அவருக்கு அந்த வேலையில் முன்னுரிமையும் தரலாம்.

நம் பங்கு இதைவிட எளிது. மான்கறி இருக்கிறது என்று யாராவது காதோடு சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். விலை கொடுக்க ஆள் இல்லாத கறிக்காக எந்த வீட்டுப் பிள்ளையும் இரவில் ஆற்றைக் கடந்து உயிரைப் பணயம் வைக்க மாட்டான்.