டேட்டா சயின்ஸ் முதுகலை: உடனே சேர்வதா, வேலை பார்த்துவிட்டுச் சேர்வதா?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் டாக்டருக்குப் படிக்கலாமா, ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாமா என்றுதான் கேட்பார்கள். போன பள்ளி விடுமுறையில் பெஸ்தாரி ஜெயாவில் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டது வேறு. "அக்கா, டேட்டா சயின்ஸ்ல மாஸ்டர்ஸ் பண்ணா நல்ல சம்பளமாமே, உண்மையா?"

நான் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இந்தத் துறைக்கு இவ்வளவு மவுசு எப்படி வந்தது? 2012இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வந்த ஒரு கட்டுரை, இந்த நூற்றாண்டிலேயே அதிகக் கவர்ச்சியான வேலை தரவு அறிவியலாளர் வேலைதான் என்று எழுதியது. அதை எழுதிய இருவரில் ஒருவரான டி.ஜே. பாட்டீல், 2015இல் அமெரிக்க அரசாங்கத்தின் முதல் தலைமைத் தரவு அறிவியலாளர் ஆனார். நம் நாட்டிலும் 2020க்குள் 20,000 தரவு வல்லுநர்கள் வேண்டும், அவர்களில் 2,000 பேர் தரவு அறிவியலாளர்களாக இருக்க வேண்டும் என்று எம்.டி.இ.சி. இலக்கு வைத்தது. பல்கலைக்கழகங்களும் வரிசையாக முதுகலைப் படிப்பைத் தொடங்கின. மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம்., யு.எஸ்.எம்., யு.டி.எம். என்று பொதுப் பல்கலைக்கழகங்களிலேயே இப்போது பல வழிகள் இருக்கின்றன. தனியார் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தால் பட்டியல் நீளும்.

பாடங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். புள்ளியியல், பைத்தான் அல்லது ஆர் மொழியில் நிரல் எழுதுவது, தரவுத்தளம், இயந்திரக் கற்றல், கடைசியில் ஒரு திட்டப்பணி. இவற்றை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எண்களைக் கையில் கொடுத்த பிறகு என்ன கேட்க வேண்டும் என்பதை எந்தப் பாடமும் முழுசாகச் சொல்லித் தராது. அந்த எண் எங்கே, எப்படிப் பிறந்தது என்று தெரிந்தவருக்குத்தான் அது தெரியும். இங்கேதான் தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு ஒரு வாய்ப்பு இருப்பதாக நான் நினைக்கிறேன்.

செம்பனை இந்த நாட்டில் வேர்விட்டதே நம் மாவட்டத்தில்தான். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே 1911, 1912வாக்கில் கோலசிலாங்கூர் ரந்தாவ் பாஞ்சாங்கில் சுமத்திரா விதைகளை நட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாப் பக்கம், தென்னமரம் தோட்டத்தில் வணிகத்துக்காகப் பயிரிட்டார்கள். அன்றிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே தினமும் தரவு உருவாகிறது. காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு எடுக்கும் வருகை, கிராணியின் செக்ரோல், லாரி எடைச்சீட்டு, ஆலையின் எண்ணெய்க் கணக்கு. என் தாத்தா செம்பனை வெட்டியவர். வெட்டிய குலையின் காம்பில் தன் எண்ணை எழுதிவைப்பார். சாயங்காலம் மண்டோர் அதைப் பார்த்து எண்ணிக் கணக்கெழுதுவார். தாத்தாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் தரவு சேகரிப்பில் எங்கள் வீட்டின் முதல் ஆள் அவர்தான்!

விளையாட்டாகச் சொல்லவில்லை. நவீனப் புள்ளியியலின் ஒரு பெரிய பகுதி வயலில் பிறந்தது. 1919இல் ஆர்.ஏ. ஃபிஷர் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, 1843 முதல் அங்கே குவிந்து கிடந்த விளைச்சல் கணக்குகளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். மழைக்கும் கோதுமை விளைச்சலுக்கும் என்ன தொடர்பு என்று அவர் தேடினார். இன்று நாங்கள் வகுப்பில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு அந்த நிலையத்து வேலையில் உருவானதுதான். இந்தியாவில் மகலநோபிஸ் வங்காளத்துச் சணல் வயல்களில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்திப் புகழ்பெற்றார்.

இனி நம் தோட்டத்துக்கே வருவோம். ஃபிஷரின் கேள்வியைச் செம்பனையிடம் கேட்டுப் பாருங்கள். மாதாமாதம் பெய்த மழையை ஒரு பத்தியிலும் அதே மாதத்து விளைச்சலை இன்னொரு பத்தியிலும் போட்டுக் கணினியை ஓடவிட்டால், அநேகமாகத் தெளிவான தொடர்பு எதுவும் வராது. அடைமழை மாதத்தில் விளைச்சல் குறைவதாகக்கூடக் காட்டலாம். உடனே "மழை செம்பனைக்கு ஆகாது" என்று எழுதிவிடுவதா?

தாத்தாவிடம் கேட்டேன். "அந்த மாசம் மழையால ரோடு சேறாயிடும், லாரி உள்ளே வராது, வெட்டவும் முடியாது. மரத்துக்கு ஒண்ணும் ஆகல, ஆயி. மரம் வெயிலுக்குக் கோவிச்சுக்கிட்டா அடுத்த வருசம்தான் காட்டும்" என்றார்.

பயிர் அறிவியலும் அதையே சொல்கிறது. செம்பனையில் பெண் பூங்கொத்துதான் குலையாகும். வறட்சி வந்தால் ஆண் பூக்கள் கூடும், இளம் பூங்கொத்துகள் கருகும். பூ ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மகரந்தம் சேர்ந்த பிறகு குலை பழுக்கவே ஐந்தாறு மாதம் ஆகும். அதனால் ஒரு வறட்சியின் அடி, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கழித்துத்தான் எடைச்சீட்டில் தெரியும். மழைப் பத்தியை அத்தனை மாதம் பின்னால் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டும் என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும்.

இன்னோர் எடுத்துக்காட்டு. 2020 முதல் 2022 வரை நாட்டின் செம்பனை விளைச்சல் சரிந்தது. அந்த எண்களை மட்டும் பார்த்தால் மரங்களுக்கு வயதாகிவிட்டது என்றோ உரம் போதவில்லை என்றோ தோன்றும். கோவிட் காலத்தில் எல்லை மூடப்பட்டு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வராததால், வெட்ட ஆளில்லாமல் பழங்கள் மரத்திலேயே அழுகின. இது தெரியாமல் ஒரு மாதிரியைப் பயிற்றுவித்தால், அது நல்ல மரங்களையும் வெட்டிச் சாய்க்கச் சொல்லும். ஆள் பற்றாக்குறை என்றொரு பத்தி அந்த அட்டவணையில் இருக்காது.

சரி, அப்படியானால் முதுகலை வேண்டாமா? நிச்சயம் வேண்டும். எப்போது என்பதுதான் என் வீட்டுச் சண்டை.

இளங்கலை முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தோட்ட நிறுவனமோ மருத்துவமனையோ காப்புறுதியோ, எண்கள் பிறக்கிற ஓர் இடத்தில் வேலை பார்த்துவிட்டுப் பகுதிநேரமாகச் சேரலாம் என்பது என் எண்ணம். கையில் ஒரு கேள்வியோடு போனால் அந்தக் கடைசித் திட்டப்பணி உருப்படியாக இருக்கும். இணையத்தில் எல்லாரும் பயன்படுத்திச் சலித்த தரவையே நானும் எடுத்துச் செய்ய வேண்டியதில்லை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப விட்டா அப்புறம் எங்கே படிக்கப்போற? வேலை, கல்யாணம், பிள்ளைன்னு ஓடிடும். என் இ.பி.எஃப்.ல இருந்து எடுத்துக்க" என்கிறார்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் லயத்தில் "பிறகு படிக்கிறேன்" என்று வேலைக்குப் போன அக்காமார் பலர் இன்றும் பிறகு என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பெற்றோர் இ.பி.எஃப். பணத்தை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. முதுகலைக்கும் எடுக்கலாம். ஆனால் 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, கல்விக்கான பணம் வரும் செஜாத்ரா கணக்கில் மாதச் சந்தாவில் 15 விழுக்காடுதான் சேர்கிறது. தொழிற்சாலைச் சம்பளத்தில் அது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் வயோதிகக் காலக் காசை எடுத்து நான் பைத்தான் படிப்பதில் எனக்கு விருப்பமில்லை. இப்போதைக்கு ஓர் உடன்பாடு: மூன்றாம் ஆண்டு முடிவில் வேலைக்கும் முதுகலைக்கும் சேர்த்தே விண்ணப்பிப்பேன். கட்டண விலக்கோ உதவிச் சம்பளமோ கிடைத்தால் உடனே சேர்வேன். இல்லாவிட்டால் வேலை. அம்மா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும் என்பதால் சில விவரங்கள். முதுகலை மூன்று வகை: பாடவழி, ஆய்வுவழி, இரண்டும் கலந்தது. பாடவழிக்குக் குறைந்தது 40 கிரெடிட் மணி. பொதுவாக இளங்கலையில் சி.ஜி.பி.ஏ. 2.50 கேட்பார்கள். அதற்குக் கீழே இருந்தால் வேலை அனுபவத்தைப் பார்ப்பார்கள். கணினித்துறை அல்லாதவர்களுக்கு முன்தேவைப் பாடங்கள் வைப்பார்கள். பகுதிநேர வகுப்பு பெரும்பாலும் மாலையிலோ வார இறுதியிலோ நடக்கும். கோலசிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் போய்வரும் பெட்ரோல் செலவையும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படிவத்தில் இருப்பவர்கள் கூடுதல் கணிதத்தைக் கைவிட வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் இணையம்வழி தொடங்கிய தரவு அறிவியல் படிப்பிலும் முதல் கட்டத்தில் கணிதமும் புள்ளியியலும்தான் பெரும்பங்கு.

பயிற்சிக்குத் தரவு தேடி எங்கும் அலைய வேண்டாம். புள்ளியியல் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் உங்கள் தொகுதி விவரங்களை 'கவாசான்கு' பகுதியில் பார்க்கலாம். உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் கடை கடையாக எடுக்கும் பொருள் விலைகள், பிரைஸ்கேட்சர் என்ற பெயரில் 2022 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் மாநிலவாரியாக மாதாந்திர விளைச்சலை வெளியிடுகிறது. சிலாங்கூர் வரிசையை எடுத்து, பக்கத்தில் மழை அளவைப் போட்டு, முதலில் அதே மாதம், பிறகு ஆறு மாதம், பிறகு பன்னிரண்டு மாதம் தள்ளி வரைந்து பாருங்கள். 2020 முதல் 2022 வரையுள்ள புள்ளிகளுக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். வரைபடத்தைத் தாத்தா பாட்டியிடம் காட்டி, எங்கே ஏன் இறங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.