‘கிடைத்தது’ அல்ல, ‘செய்தேன்’: நேர்காணலில் நம் அனுபவத்தைச் சொல்வது எப்படி?

தமிழ்நாட்டின் அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. அந்த 18-க்குள் 3 விழுக்காடு அருந்ததியருக்கான உள்ஒதுக்கீடு. தனியார் நிறுவனத்தின் வாசலோடு இந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 16(4) ஆவது பிரிவு அரசுப் பணியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆகவே கல்லூரியை விட்டு வெளியே வரும் நம் மாணவர்களில் பலரது முதல் வேலையைத் தீர்மானிப்பது இடஒதுக்கீட்டுப் பட்டியல் அல்ல. அறிமுகமில்லாத இரண்டு மூன்று பேர் எதிரே அமர்ந்து நடத்தும் ஒரு குறுகிய உரையாடல்.

அந்த உரையாடலில் ஏறத்தாழத் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: “நீங்கள் சாதித்ததாகக் கருதும் ஒன்றைச் சொல்லுங்கள்.” இதன் கிளைகளாக, “ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்?”, “குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?” போன்றவை வரும். இங்கே நம் மாணவர்கள் தடுமாறுவது சாதித்தது ஒன்றும் இல்லாததால் அல்ல. தாம் செய்தவற்றைச் சாதனை என்று எண்ணிப் பழகாததும், எண்ணினாலும் அவற்றைத் தமது செயலாகச் சொல்லிப் பழகாததுமே காரணம். இரண்டும் பயிற்சியால் மாறக்கூடியவை.

கேள்வி எளிது, அறை நடுநிலையானதல்ல

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டால் பாகுபாடு ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோரின் ஆய்வு 2007-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் வெளிவந்தது. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம், உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு அது மூன்றில் ஒரு பங்கு.

அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்தில் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய ஆய்வும் அவ்விதழில் வந்தது. தகுதி ஒன்றையே பார்ப்பதாகச் சொன்ன மேலாளர்கள், விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியை முக்கியமாகக் கருதுவதாகவும் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் பெயரோடு சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அதனால் இங்கே தேடல் வேறு வழியில் நடக்கிறது. சொந்த ஊர் எது, ஊருக்குள் எந்தத் தெரு, அப்பா என்ன வேலை செய்கிறார், எந்த விடுதியில் தங்கிப் படித்தீர்கள், குலதெய்வம் எது. இவற்றில் எதுவும் வேலைக்கான கேள்வி அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும். நமது தயாரிப்பு இந்த அறையை மனத்தில் வைத்தே தொடங்க வேண்டும்.

செயலை மறைக்கும் வாக்கியங்கள்

நம் மாணவர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் வினைகளைக் கவனியுங்கள். “எனக்கு வாய்ப்பு கிடைத்தது.” “பொறுப்பு கொடுத்தார்கள்.” “பிரச்சினை தீர்ந்துவிட்டது.” இவ்வாக்கியங்களில் செய்தவர் இல்லை. எல்லாம் எங்கிருந்தோ வந்து சேர்கின்றன. தன் உழைப்பைத் தன்னுடையது என்று சொன்னால் ‘திமிர்’ என்று பெயர் வாங்கும் சமூகத்தில், இந்த இலக்கணம் தற்காப்பாகத் தலைமுறைகளாக வந்தது. ஆனால் நேர்காணல் அறையில் அதுவே நமக்கு எதிராகத் திரும்புகிறது.

நம் எழுத்து மரபும் இதில் ஓரளவு பங்கு வகிக்கிறது. அம்பேத்கரின் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ தொடங்கி இன்றைய உண்மையறியும் அறிக்கைகள் வரை, நமக்கு என்ன செய்யப்பட்டது என்பதைத் துல்லியமாகப் பதிவு செய்யக் கற்றிருக்கிறோம். அது நீதிக்கான மொழி. அதைக் கைவிட வேண்டியதில்லை. வேலைக்கான நேர்காணல் கேட்பது வேறொன்றை: நாம் என்ன செய்தோம் என்பதை.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவருக்கு வழக்குரைஞர்கள் தரும் அறிவுரை இங்கும் பொருந்தும். முடிவைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். “நான் பொறுப்பு மிக்கவள்” என்பது முடிவு. “தேர்வு நாளன்று 30 மாணவர்களின் நுழைவுச்சீட்டை நானே சரிபார்த்துக் கொடுத்தேன்” என்பது சாட்சியம். முடிவைக் கேட்பவர் தாமே எடுக்கட்டும்.

எவையெல்லாம் அனுபவம்?

கல்லூரி விழாவை முன்னின்று நடத்தியதும், பெரிய நிறுவனத்தில் பயிற்சி பெற்றதும்தான் அனுபவம் என்ற எண்ணம், அவற்றுக்கு வழி இருந்தவர்கள் வகுத்தது. கீழே உள்ளவற்றில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

- ‘இல்லம் தேடிக் கல்வி’ மையத்திலோ தெருவின் மாலைநேரப் பள்ளியிலோ பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்திப் பாடம் நடத்தியது.
- ஆதிதிராவிடர் நல விடுதியில் உணவு, குடிநீர், கழிப்பறைக் குறைகளைத் திரட்டி அதிகாரிகளிடம் கொண்டுசென்றது.
- தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 30 நாளில் பதில் வராதபோது மேல்முறையீடு செய்தது.
- விடுமுறையில் கட்டட வேலைக்கோ கடை வேலைக்கோ சென்று கல்விக் கட்டணத்தைக் கட்டியது.
- எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்காக வங்கி, வட்டாட்சியர் அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றில் பேசியது.

பல வயதினருக்குக் கற்பித்தல், ஆவணப்படுத்தல், நிர்வாகத்தோடு எழுத்தில் பேசுதல், பணத்தையும் நேரத்தையும் திட்டமிடுதல் ஆகியவையே இப்பணிகளின் பெயர்கள். எந்த வேலை விளம்பரத்திலும் கேட்கப்படும் திறன்கள் இவை.

நான்கு பகுதிகள்

பயிற்சியாளர்கள் ‘ஸ்டார்’ முறை என்று அழைப்பதன் சாரம் எளிது: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. மொத்தம் 2 நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். சூழலுக்கு இரண்டு மூன்று வாக்கியங்கள், பொறுப்புக்கு ஒன்று, விளைவுக்கு ஒன்றிரண்டு. மீதி நேரம் முழுவதும் செயலுக்கு உரியது. நம் மாணவர்கள் பெரும்பாலும் சூழலிலேயே நேரத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். வறுமையும் அவமதிப்பும் அங்கேதான் இருக்கின்றன என்பதால் அது இயல்பே. ஆயினும் கேட்பவரின் இரக்கம் பணிநியமன ஆணையாக மாறுவதில்லை. ஒரு வேலைக்காக நம் காயங்களைத் திறந்து காட்ட வேண்டிய கடமையும் நமக்கு இல்லை.

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவர் முதலில் இப்படிச் சொல்லக்கூடும்: “விடுதியில் நிறையக் கஷ்டம். உதவித்தொகை வரவே இல்லை. எல்லோரும் சேர்ந்து போராடினோம். கடைசியில் பணம் வந்துவிட்டது.”

இதையே இப்படிச் சொல்லலாம்: “எங்கள் விடுதியில் 40 மாணவிகளுக்குக் கல்வி உதவித்தொகை வரவில்லை. காரணத்தைக் கண்டறியும் பொறுப்பை நான் ஏற்றேன். ஒவ்வொருவரின் விண்ணப்ப எண்ணையும் வங்கி விவரத்தையும் திரட்டிப் பட்டியலிட்டேன். 14 பேரின் வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படவில்லை. 26 பேரின் விண்ணப்பம் கல்லூரிச் சரிபார்ப்பில் தேங்கியிருந்தது. 14 பேரையும் இரண்டு நாளில் வங்கிக்கு அழைத்துச் சென்றேன். மற்ற 26 பேருக்காக முதலில் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டேன். பதில் வராததால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். பருவம் முடிவதற்குள் 35 பேருக்குப் பணம் வந்தது. மீதி 5 பேர் புதிதாக விண்ணப்பிக்க உதவினேன்.”

நிகழ்வு ஒன்றே. இரண்டாவதில் சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் அறிவும், படிப்படியாகச் செல்லும் பொறுமையும், முழு வெற்றி என்று மிகைப்படுத்தாத நேர்மையும் தெரிகின்றன. மனுவின் நகலும் பட்டியலும் கையில் இருந்தால் எந்தக் குறுக்குக் கேள்விக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

இயக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘நான்’ என்று சொல்லக் கூச்சம் இருக்கும். அந்தக் கூச்சம் மதிக்கத்தக்கது. கூட்டு உழைப்பைத் தனி ஒருவர் விழுங்கக் கூடாது. இதற்கு வழி, “நாங்கள் 8 பேர் இதைச் செய்தோம், அதில் என் பங்கு இது” என்று சொல்வதே. அது உண்மையும்கூட.

இப்படி ஐந்தாறு நிகழ்வுகளை எழுதி வைத்துக்கொண்டால் பெரும்பாலான கேள்விகளுக்கு அவை ஈடுகொடுக்கும்: முன்னின்று நடத்தியது, தோற்றுக் கற்றது, கருத்து வேறுபாட்டைக் கையாண்டது, புதிதாக ஒன்றைக் கற்றது, குறைந்த வசதியில் முடித்துக் காட்டியது. முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். விடுதி அறையில் மூவர் போதும்: ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல, மூன்றாமவர் ‘கிடைத்தது’ எத்தனை முறை வந்தது என்று குறிக்க வேண்டும்.

‘குடும்பப் பின்னணி சொல்லுங்கள்’

இக்கேள்விக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். “என் பெற்றோர் விவசாயக் கூலித் தொழிலாளர்கள், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். இந்தப் பணிக்குத் தொடர்பான என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்” என்று தயாரித்து வைத்த நிகழ்வுக்குச் சென்றுவிடலாம். பொய் சொல்ல வேண்டாம். விளக்கம் கொடுக்கவும் வேண்டாம். சாதியை வெளிப்படையாகச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் உரிமை. சொல்பவர் வீரரும் அல்லர், சொல்லாதவர் கோழையும் அல்லர். அன்றைய அறையையும் தம் குடும்பத்தின் தேவையையும் அறிந்தவர் அவரே.

“இடஒதுக்கீட்டில் படித்தீர்களா?” என்று கேட்டால் தலைகுனிய ஒன்றுமில்லை. “அரசமைப்பு தந்த உரிமைப்படி சேர்ந்தேன். பல்கலைக்கழகத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான்” என்பது போதுமான பதில்.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும்?

தனியார் நேர்காணலில் சாதியைக் கேட்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் தனிச் சட்டம் இல்லை. எனினும் வெறுங்கையோடும் நாம் இல்லை. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன் 4 ஆவது பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் எந்த வேலையில் சேர்வதற்கும் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. அதன் 12 ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில் செய்யப்பட்டதாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். மறுத்து நிரூபிக்க வேண்டியவர் எதிரி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும் வேலைவாய்ப்பைத் தடுப்பதைக் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது அச்சட்டப்படி குற்றமாக, அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். மூடிய நேர்காணல் அறை அத்தகைய இடமா என்பது வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது.

நடைமுறையில் பெரிய தடை, நிராகரிப்புக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை என்பதே. எனவே இழிவான கேள்வி எழுந்தால் அன்றே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், அறையில் இருந்தோர், கேட்கப்பட்ட சொற்கள், உங்கள் பதில். மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். உடனே ஒரு நண்பரிடமோ பேராசிரியரிடமோ சொல்லுங்கள்.

கூட்டாகக் கேட்க வேண்டியவை

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை குறித்த அஜய் ஹாசியா வழக்கில், 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. அங்கே 150-இல் 50 மதிப்பெண் நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு மூன்று நிமிடங்களில் பெற்றோரையும் வசிப்பிடத்தையும் பற்றிக் கேட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது மனுதாரர்களின் முறையீடு. மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்காணலுக்குத் தருவது தன்னிச்சையானது என்றும், சாதாரணமாக 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் நீதிமன்றம் கூறியது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. ஒன்றிய அரசு 2016 ஜனவரி 1 முதல் தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே கைவிட்டது. நேர்காணல் என்பது முறைகேட்டுக்கு இடம் தரக்கூடியது என்பதை அரசும் நீதிமன்றமும் அறிந்தே இருக்கின்றன.

தனியார் துறையை அத்தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் வளாக நேர்காணல் நடப்பது நம் கல்லூரிக்குள். நிறுவனங்களை அழைப்பது கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு. அந்தப் பிரிவிடம் மாணவர் அமைப்புகள் இன்றே எழுத்தில் கேட்கலாம்: எல்லா மாணவருக்கும் ஒரே கேள்விப் பட்டியல் இருக்க வேண்டும், ஊர், தெரு, பெற்றோர் தொழில் பற்றிய கேள்விகளுக்குத் தடை வேண்டும், ஒவ்வொரு பதிலுக்கும் தரப்பட்ட மதிப்பெண் பதிவாக வேண்டும், புகாரைப் பெற ஒரு பொறுப்பாளர் வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற நீண்டகாலக் கோரிக்கை வெல்லும் வரை காத்திருக்காமல், ஒரு கல்லூரி தானே நிறைவேற்றக்கூடியவை இவை.

இந்த மனுவை முதலில் எழுதிக் கையொப்பம் திரட்டும் மாணவருக்கு, அடுத்த நேர்காணலில் சொல்ல ஒரு நிகழ்வும் சேர்ந்துவிடும். அதை ‘செய்தேன்’ என்றே முடிக்கலாம்.