சுவர் ஒன்று, வீடு இரண்டு! தறிச் சத்தத்தைத் தடுக்க வழி என்ன?

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டாரம் நெசவுக்குப் பேர் பெற்றது. சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறிச் சத்தம் கேட்காத நாள் கிடையாது.

விசைத்தறி ஓடினால்தான் நெசவாளி வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் கைக்குழந்தை தூங்க வேண்டும். பரீட்சைக்குப் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

தறியும் ஓட வேண்டும், தூக்கமும் வேண்டும். வழி உண்டா? உண்டு!

எவ்வளவு சத்தம்?

சத்தத்தை 'டெசிபல்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினால் சுமார் 60 டெசிபல். விசைத்தறிக் கூடத்தில் அது 90 முதல் 100 வரை போகும். நாடாவைக் கட்டை அடித்து விரட்டுகிறது. நாடா பாய்ந்து மறுபக்கம் மோதுகிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இப்படி நடக்கிறது.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். இதுதான் மத்திய அரசு 2000-ம் ஆண்டு கொண்டுவந்த விதி.

சந்துதான் எதிரி!

பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் சுமார் 45 டெசிபலைத் தடுக்கும். ஒன்பது அங்குலச் சுவர் சுமார் 50-ஐத் தடுக்கும். கனத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் லாபம் ஐந்துதான்!

ஓட்டு வீடுகள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே சந்து இருக்கும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு சந்து இருந்தாலே போதும். எவ்வளவு கனமான சுவரும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்குமா?

ஆகவே, செங்கல்லும் சாந்தும் வைத்துக் கூரை வரை கட்டிப் பூசுவதே முதல் வேலை. மின்கம்பி போகும் துளையையும் அடைக்க வேண்டும். காற்றுக்கு வேறு பக்கத்தில் ஜன்னல் வைக்கலாம்.

சுவரில் தெர்மாகோலும் முட்டை அட்டையும் ஒட்டுவது வீண் செலவு. அவற்றில் கனம் இல்லை. சத்தம் ஊடுருவிப் போய்விடும். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

தறிக்கு ரப்பர் செருப்பு!

தரை வழியாகவும் அதிர்வு வரும். தறியைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளி வைத்து, கால்களுக்கு அடியில் கனத்த ரப்பர் பட்டை கொடுத்தால் அது குறையும்.

வசதி உள்ளவர்கள் தங்கள் பக்கத்தில், பழைய சுவரைத் தொடாமல் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பலாம். ஒரே சுவரைத் தடிமன் ஆக்குவதைவிட இது நல்ல பலன் தரும்.

யார் செலவு?

சந்தை அடைக்கச் சில செங்கல், ஒரு நாள் கொத்து வேலை. இரு வீட்டாரும் பாதிப்பாதி போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகும் கூரை வழியாகக் கொஞ்சம் சத்தம் வரும். அதற்குச் சுவரில் மருந்து இல்லை. இரவு பத்து மணிக்குத் தறியை நிறுத்துவது என்று இரு வீட்டாரும் பேசி முடிவு செய்துகொள்வதுதான் மருந்து!