தித்திக்கும் டிரம்முக்குள் எமன்!

சென்னை,
இரண்டுக்கும் நிறம் கிடையாது. இரண்டும் நாக்கில் பட்டால் இனிக்கும். ஒன்று மருந்து சிரப்பில் சேர்ப்பது. இன்னொன்று பிரேக் ஆயிலில் சேர்ப்பது!

முதல் சரக்கு புரொப்பிலீன் கிளைகால். இரண்டாவது டை எத்திலீன் கிளைகால். இது உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைப் பிடிக்கும். சிறுநீர் நின்றுவிடும். பச்சைக் குழந்தை என்றால் சில நாளில் கதை முடிந்துவிடும்.

2025-ல் மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாராவில் நடந்தது இதுதான். இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பலியானார்கள். சிரப் தயாரானது எங்கே? நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில்!

அக்டோபர் முதல் வாரம் தமிழக மருந்து கட்டுப்பாட்டு அதிகாரிகள் சிரப்பைச் சோதித்தார்கள். 48.6 சதவீதம் விஷம். கிட்டத்தட்ட பாதி பாட்டில்! அனுமதி வெறும் 0.1 சதவீதம்தான். மருந்துக்கு லாயக்கில்லாத சரக்கை வாங்கி ஊற்றியது அம்பலமானது. கம்பெனி லைசென்ஸ் ரத்து. உரிமையாளர் கைது.

பொடி எழுத்தில் இருக்கிறது விஷயம்

கெமிக்கல் பாட்டில் லேபிளில் "எல்.ஆர்." என்றிருந்தால் சாதாரண லேப் வேலைக்கு. "ஏ.ஆர்." என்றால் அதைவிடச் சுத்தம், துல்லியமான சோதனைக்கு. விலையும் கூடுதல். ஆனால் இரண்டுமே வயிற்றுக்குப் போகிற சரக்கில்லை. மருந்துக்கு வாங்குவதில் "ஐ.பி." என்று இருக்க வேண்டும். இந்திய மருந்து நூல் சொல்லும் சோதனைகளில் தேறியது என்று அர்த்தம்.

"99 சதவீதம் சுத்தம்" என்று போட்டிருந்தால் போதாதா? போதாது. மிச்ச 1 சதவீதம் என்ன சரக்கு? அந்த விஷமாக இருந்தால் அனுமதித்த அளவைப்போல 10 மடங்கு ஆச்சே!

மோந்து பார்த்தால் தெரியாது. கேஸ் குரோமட்டோகிராபி கருவியில் விட்டால் கலந்த சரக்கு தனியாகப் பிரிந்து வந்து காட்டிக்கொடுக்கும். டிரம்முக்கு டிரம் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். வியாபாரி கொடுத்த சர்டிபிகேட்டை பைலில் குத்திவிட்டு உட்கார்ந்தால்?

பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 1986-ல் இதே விஷம் கலந்த கிளிசரின் கொடுத்து 14 நோயாளிகள் செத்தார்கள். நீதிபதி லெண்டின் கமிஷன் விசாரித்தது. அறிக்கை வந்ததும் மகாராஷ்டிர சுகாதார மந்திரி பதவியை விட்டார்.

அதற்கு 39 வருஷம் கழித்துத்தான் இந்த சுங்குவார்சத்திரம் சிரப்!