விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு முழங்கால் வீங்குகிறதா? அலட்சியம் வேண்டாம்!

2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பேட்மின்டன் வீராங்கனை சாய்னா நேவால், தன் முழங்காலில் குருத்தெலும்பு மோசமாகிவிட்டதாகவும் மூட்டுவாதம் வந்திருப்பதாகவும் 2024-ல் சொன்னார். அப்போது அவருக்கு வயது 34. தாத்தா, பாட்டிகளின் நோய் என்று பலரும் நினைக்கும் பிரச்னை, மைதானத்தில் ஓடும் பிள்ளைகளுக்கும் வரலாம்.

எலும்பு முனைகள் உரசாமல் வழுக்கிச் செல்ல, அவற்றின் மேல் வழவழப்பாகப் போர்த்தியிருப்பதுதான் குருத்தெலும்பு. இதில் நரம்பு இல்லை. அதனால் ஆரம்பச் சேதம் வலிக்காமலே இருக்கலாம். ரத்தக்குழாயும் இல்லை, அதனால் தோல் காயம்போலத் தானாக ஆறுவதும் கடினம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

விளையாடியபின் வீக்கம், படி ஏறும்போதோ குந்தி உட்காரும்போதோ வலி, மூட்டு பாதியில் மாட்டிக்கொள்வது, நடக்கையில் கால் நொடிப்பது... இவை தொடர்ந்தால் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி ஸ்பிரே அடித்துக்கொண்டு ஆடுவது சேதத்தை மறைக்கும்; குணப்படுத்தாது.

எக்ஸ்-ரேயில் எலும்புதான் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. எனவே எக்ஸ்-ரே நார்மலாக இருந்தும் தொந்தரவு நீடித்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படலாம்.

வயதே மருந்து

10 முதல் 20 வயதுக்குள் அதிகம் வருவது 'ஆஸ்டியோகாண்ட்ரைடிஸ் டிசெகன்ஸ்'. குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பின் சிறு பகுதி பலவீனமாகி, மேலுள்ள குருத்தெலும்போடு சேர்ந்து தளரும். உயரம் இன்னும் வளரும் வயதில், துண்டு பிரியாமல் இருந்தால், சில மாதங்கள் ஓட்டமும் குதிப்பும் நிறுத்தி ஓய்வெடுத்தாலே பலருக்கு ஆறிவிடுகிறது. தாமதித்தால் துண்டு பிரிந்து மூட்டுக்குள் அலையும், பிறகு ஆபரேஷன்தான்.

துளைக் கருவி மூலம் துண்டை ஸ்க்ரூ போட்டுப் பொருத்தலாம். குருத்தெலும்பு போய்விட்ட இடத்தில், எலும்பில் நுண்துளையிட்டுப் புதுத் திசுவை வளரச் செய்யலாம். ஆனால் அது பழைய குருத்தெலும்பைப்போல் உறுதியாக இருக்காது. நோயாளியின் குருத்தெலும்பு செல்களையே ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தும் முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994-ல் வெளியிட்டனர். எந்தச் சிகிச்சையானாலும் தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் பிசியோதெரபி அவசியம். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு மைதானம் திரும்ப ஒரு வருடம்கூட ஆகலாம்.

'அடுத்த வாரம் மேட்ச் இருக்கே' என்று பிள்ளை கெஞ்சும்போது பெற்றோரும் பயிற்சியாளரும் உறுதியாக இருக்க வேண்டும். இந்த சீசன் போனால் அடுத்தது வரும். குருத்தெலும்பு அப்படித் திரும்பி வருவதில்லை.